ஊசிக்குள் போகாத நூல்

நண்டின் அம்மா ஊசியில் நூல் கோப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் கண்ணைச் சிமிட்டாமல் பார்க்க வேண்டும். சிமிட்டினால் போச்சு, அதற்குள் கோத்து முடித்திருப்பார்.

நூலின் நுனியில் கத்தரியால் சாய்வாக ஒரு வெட்டு. உதடுகளுக்கு நடுவே வைத்து ஒரு இழுப்பு. விரல்களால் ஒரு அழுத்து. அவ்வளவுதான், நூல் ஊசியின் காதுக்குள் நுழைந்து மறுபக்கம் வந்துவிடும். இத்தனையும் நடக்கும்போது அம்மாவின் கண் ஊசியில் இருக்காது. துணி கொடுக்க வந்தவரிடம் கை எவ்வளவு நீளம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருப்பார். இல்லையென்றால் நண்டைத் திட்டிக்கொண்டிருப்பார்.

நண்டு என்பது வீட்டில் வைத்த பெயர். குழந்தையாக இருந்தபோது அவள் நேராகத் தவழ மாட்டாள், பக்கவாட்டில்தான் தவழ்வாள். இப்போது ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள், எல்லோரையும் போல நேராகத்தான் நடக்கிறாள். ஆனாலும் ஒட்டிக்கொண்ட பெயர் போகவே இல்லை.

வீட்டின் முன்னறைதான் அம்மாவின் தையல் கடை. ஜன்னலோரம் மெஷின், சுவரோரம் துணி வெட்டும் மேஜை, அதன் மேல் ஒரு மிட்டாய் ஜாடி. அளவு கொடுக்க வரும் குட்டிப் பிள்ளைகள் நெளியாமல் நிற்பதற்காக அந்த ஜாடி.

அந்த முறை ஒரு பெரிய வேலை வந்திருந்தது. மேடையில் மந்திர வித்தை காட்டுகிற ஒருவர் கருநீல வெல்வெட் துணியோடு வந்தார். இன்னும் சில மாதங்களில் நடக்கவிருக்கும் நிகழ்ச்சிக்கு அவருக்கு முழங்கால் வரை ஒரு கோட்டு வேண்டும். கோட்டுக்கு உள்ளே நிறைய ரகசியப் பைகள் வேண்டும். ஒன்றில் சீட்டுக்கட்டு, ஒன்றில் கலர் கைக்குட்டைகள், ஒன்றில் புறா.

"உள்ள பை இருக்குன்னே தெரியக் கூடாதுக்கா. வெளியில ஒரு தையல்கூடக் கண்ணுல படக் கூடாது" என்றார் மந்திரக்காரர்.

மெஷினில் தைத்தால் வெளியே கோடு விழும். எல்லாவற்றையும் கையால்தான் தைக்க வேண்டும். வேறு கடைகளில் எல்லோரும் கையை விரித்துவிட்டார்களாம். அம்மா வெல்வெட்டைத் தடவிப் பார்த்தார், ஒரு மூலையை மடித்துப் பார்த்தார், சரி என்றார். அன்று ராத்திரி வரைக்கும் அம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

வேலை நன்றாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் வெல்வெட்டை வெட்ட வெட்டப் பொடிப்பொடியாகப் பஞ்சு பறந்தது. அம்மாவுக்கு அடுக்கடுக்காகத் தும்மல் வந்தது. ஊசியைப் பிடித்துக்கொண்டு தும்மினால் கை என்ன ஆகும்? தெருமுனை மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டார். தும்மல் நின்றது. அதனால் தினமும் அதையே போட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்த விநோதம் நடந்தது. நூல் ஊசிக்குள் போக மறுத்தது.

அம்மா வழக்கம் போல வெட்டினார், உதட்டில் வைத்து இழுத்தார், அழுத்தினார், கோத்தார். நூல் ஊசியின் காதில் இடித்துக்கொண்டு வளைந்தது. மறுபடி கோத்தார். இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி உள்ளே போயிற்று, ஒரு பாதி வெளியே நின்றது. அப்பா ஒரு நூல் கோக்கும் கம்பி வாங்கி வந்து கொடுத்தார். கோட்டுக்கு வாங்கிய நூல் கனமான முறுக்கு நூல். இழுத்த இழுப்பில் கம்பி பிய்ந்து வந்துவிட்டது.

"கண்ணு போச்சு" என்றார் அம்மா.

கண் டாக்டரிடம் போனார்கள். சுவரில் மாட்டியிருந்த அட்டையிலும் கையில் கொடுத்த அட்டையிலும் கடைசி வரியின் பொடி எழுத்துகளை அம்மா படித்தார். அதோடு விடாமல் அட்டையின் அடியில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தார். கண் நன்றாக இருக்கிறது, கண்ணாடி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அம்மா நம்பவில்லை. கண் நன்றாக இருந்தால் நூல் ஏன் போகவில்லை? வரும் வழியிலேயே ஒரு கண்ணாடிக் கடையில் ஏறி, பொருள்களைப் பெரிதாகக் காட்டும் கண்ணாடி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டார். அதன் வழியே பார்த்தால் ஊசி பெரிதாகத் தெரிந்தது. நூல் பெரிதாகத் தெரிந்தது. நூல் உள்ளே போகாததும் பெரிதாகத் தெரிந்தது.

நண்டுக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தினமும் பள்ளிக்கூடம் கிளம்பும் முன் ஊசிகளில் நூல் கோத்து, ஊசி குத்தி வைக்கும் பஞ்சுப் பொதியில் வரிசையாகக் குத்திவிட்டுப் போனாள். சாயங்காலம் வந்தால் எல்லா ஊசியும் காலியாக இருக்கும். அம்மா கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாள் நண்டு செருப்பைக் கழற்றும்போது, அம்மா போனில் பேசுவது கேட்டது. சனிக்கிழமை வந்து துணியை எடுத்துக்கொண்டு போங்கள், வேறு ஆளைப் பாருங்கள் என்று மந்திரக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அப்பாவிடம், பக்கத்துத் தெருப் பல்பொருள் கடையில் பொட்டலம் கட்ட ஆள் கேட்கிறார்கள் என்றார்.

"எதுக்கு இப்ப அவசரம்?" என்று கேட்டார் அப்பா. அவர் பார்சல் வேன் ஓட்டுகிறவர். எதற்கும் அவசரப்பட மாட்டார்.

"நூல் கோக்கத் தெரியாத தையல்காரி யாருக்கு வேணும்? மெஷினைக் குடுத்துடலாம்."

அம்மா இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு மெஷினின் தலையை ஒரு தரம் தடவினார். தையல் இல்லாத அம்மாவை நண்டால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மறுநாள் உள்ளூர்த் திருவிழாவுக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறை. நண்டு எங்கேயும் விளையாடப் போகவில்லை. மேஜையின் கீழே உட்கார்ந்துகொண்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைப் பார்க்கவில்லை. கண்ணைத்தான் டாக்டரே பார்த்துவிட்டாரே. அவள் நூலைப் பார்த்தாள்.

அம்மாவின் உதட்டுக்குள் போவதற்கு முன் நூலின் நுனி பிசிறு பிசிறாக இருந்தது. வெளியே வந்த பிறகும் பிசிறு அப்படியே இருந்தது. துடைப்பக் கட்டை போல விரிந்துகொண்டு நின்றது.

நண்டு ஒரு நூலை எடுத்துத் தன் உதட்டில் வைத்து இழுத்தாள். பிசிறெல்லாம் அடங்கி நுனி ஒன்றாகச் சேர்ந்து கூராக வந்தது. இவ்வளவு நாளாக அவள் அப்படித்தான் கோத்திருக்கிறாள். ஆனால் அதை ஒரு வேலையாக அவள் நினைத்ததே இல்லை. அம்மாவும் நினைத்திருக்க மாட்டார். பழகிப்போன காரியத்தை யார்தான் கவனிக்கிறார்கள்?

அவள் அடுப்படிக்கு ஓடி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். நூலின் நுனியை அதில் தொட்டு எடுத்து, விரலால் அழுத்தி, அம்மாவிடம் நீட்டினாள்.

"இதைக் கோம்மா. கண்ணாடியைக் கழட்டிடு."

"விளையாடாதடி" என்று சொன்னபடியே அம்மா வாங்கினார். கண்ணாடியைக் கழற்றினார். நூல் முதல் தடவையிலேயே ஊசிக்குள் போய்விட்டது.

அம்மா ஊசியைப் பார்த்தார். நண்டைப் பார்த்தார். இன்னொரு ஊசியை எடுத்தார். அதிலும் போயிற்று.

"உன் கண்ணுக்கு ஒண்ணுமே இல்லம்மா. உன் வாய்தான் காஞ்சு கிடக்கு. நூல் நனையவே இல்ல" என்றாள் நண்டு.

அம்மா தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு நண்டை இழுத்துக் கட்டிக்கொண்டார். மூச்சு முட்டும் அளவுக்குக் கட்டிக்கொண்டார். கண் போய்விட்டது என்று அவர் எவ்வளவு பயந்திருந்தார் என்பது அப்போதுதான் நண்டுக்கு முழுதாகப் புரிந்தது.

உடனே மந்திரக்காரருக்குப் போன் போயிற்று. அவர் நிகழ்ச்சிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. சனிக்கிழமைக்குள் கோட்டு முடிந்தால் சரி, இல்லையென்றால் பழைய கோட்டோடு மேடை ஏற வேண்டியதுதான் என்றார் அவர். பழைய கோட்டில் புறா அடிக்கடி தலையை வெளியே நீட்டுகிறதாம்.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். முடியவில்லை. வெல்வெட் ஒரு ரோஷக்காரத் துணி, அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் தடம் விழுந்துவிடும். முதல் நாளே ஒரு வெட்டுத்துண்டில் டம்ளர் சொட்டி, வட்டமாக ஒரு கறை உட்கார்ந்துகொண்டது. அம்மா பதறிப்போய் டம்ளரை அடுப்படிக்கே அனுப்பிவிட்டார். ஒவ்வொரு நூலுக்கும் எழுந்து அடுப்படிக்குப் போய் வருவதென்றால் கோட்டு எப்போது முடியும்?

அதோடு நண்டு இன்னொன்றையும் கவனித்தாள். அம்மா ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட்டார். குழம்பில் உப்பே இல்லை என்று சொல்லி மேலும் மேலும் உப்புப் போட்டார். அப்பாவும் நண்டும் அதைச் சாப்பிட்டுவிட்டுச் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார்கள். ரொட்டியை விழுங்க அம்மா கஷ்டப்பட்டார். வாய் ஓரத்தில் வெடிப்பு இருந்தது. மிட்டாய் ஜாடியும் வேகமாகக் காலியாகிக்கொண்டு வந்தது, பிள்ளைகள் யாரும் வராத நாள்களிலும்.

"வாய் காயுதுன்னு ஒரு மிட்டாய் அடக்கிக்கிறேன். அதுல என்ன?" என்றார் அம்மா.

"அப்ப ஏம்மா ஒரு பக்கமா மெல்லுற?"

"பல்லு லேசாக் கூசுது. எச்சில் ஊறலன்னா அதுக்கெல்லாம் ஒரு டாக்டரா? சொன்னா சிரிப்பாங்க."

எச்சில் என்றாலே எல்லோருக்கும் இளக்காரம்தான். நண்டுக்கும் அப்படித்தான். கன்னத்தில் மை ஒட்டியிருந்தால் அம்மா முந்தானையை நாக்கில் தொட்டுத் துடைக்க வருவார், அவள் அலறிக்கொண்டு ஓடுவாள். ஆனால் அந்தக் கேவலமான எச்சில் இல்லாமல் போனதும் வீட்டில் ஒரு வேலையும் ஓடவில்லையே. அப்படியானால் அது என்னவோ முக்கியமான விஷயம்தான் என்று அவளுக்குத் தோன்றியது. பல் டாக்டரிடம் போயே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். நண்டுப் பிடி என்று அப்பா சிரித்துக்கொண்டே வேனை எடுத்தார்.

பல் டாக்டர் ஒல்லியான ஒரு பெண்மணி. சாய்வு நாற்காலியில் அம்மாவைப் படுக்கவைத்து, விளக்கைத் திருப்பி, நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடியை வாய்க்குள் விட்டார். உள்ளே பார்த்தவர் முதலில் சிரித்தார்.

"நீங்க தையல் வேலை செய்றீங்களா?"

"எப்படித் தெரியும் டாக்டர்?"

"முன்பல்லு ஓரத்துல சின்னதா ஒரு வெட்டு. தைச்சு முடிச்சதும் நூலைப் பல்லால கடிச்சு அறுக்கிற பழக்கம்."

அம்மா உடனே வாயை மூடப் பார்த்தார். வாயில் கண்ணாடி இருந்ததால் முடியவில்லை. கத்தரி எதற்கு இருக்கிறது என்று டாக்டர் கேட்டுவைத்தார். பிறகு கன்னத்தின் உட்பக்கத்தில் கண்ணாடியை வைத்து எடுத்தார். அது வழுக்கிக்கொண்டு வரவில்லை. கன்னத்தோடு ஒட்டிக்கொண்டு, மெல்லப் பிரிந்து வந்தது. டாக்டரின் சிரிப்பு போய்விட்டது.

வாய் நன்றாகக் காய்ந்திருக்கிறது, இரண்டு பற்களில் சொத்தை ஆரம்பித்திருக்கிறது என்றார். ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்று அம்மா தலையாட்டினார்.

நண்டு அம்மாவின் கையைச் சுரண்டினாள். "தும்மல் மாத்திரை" என்றாள்.

"அது ஒரு மாத்திரையாடி? தும்மலுக்குச் சும்மா போடுறது."

டாக்டர் கையில் இருந்ததைக் கீழே வைத்தார். என்ன மாத்திரை, எத்தனை நாளாக என்று விசாரித்தார். பெயரைக் கேட்டதும் தலையை ஆட்டினார். தும்மலையும் மூக்கில் ஒழுகுவதையும் நிறுத்துகிற சில மாத்திரைகள் வாயில் ஊறுவதையும் குறைத்துவிடுமாம். சில நாள் என்றால் பரவாயில்லை, யாரையும் கேட்காமல் மாதக்கணக்கில் போட்டால் இப்படித்தான் ஆகும் என்றார்.

"வெறும் எச்சில்தானே டாக்டர்னு நினைச்சேன்" என்றார் அம்மா.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. காலையில கொஞ்ச நேரம், ராத்திரி கொஞ்ச நேரம் பல்லு தேய்க்கிறோம். மிச்ச நேரமெல்லாம் பல்லை யாரு பாத்துக்கிறாங்க? அந்த வெறும் எச்சில்தான்."

அதற்குப் பிறகு டாக்டர் எச்சிலைப் பற்றிச் சொன்ன விதம் இருக்கிறதே, தன் சொந்தப் பிள்ளை முதல் பரிசு வாங்கியதைச் சொல்வது போல இருந்தது. நாம் சாப்பிட்டு முடித்ததும் பல்லிடுக்கில் நிற்கும் துணுக்குகளை அது அலசிக்கொண்டு போகும். வாயில் இருக்கும் கிருமிகள் இனிப்பைத் தின்று அமிலத்தைக் கக்கும், அந்த அமிலம் பல்லை அரிக்கும். எச்சில் அந்த அமிலத்தின் வேகத்தை அடக்கிவிடும். கிருமிகள் கண்டபடி பெருகாமல் தடுக்கும் பொருள்களும் அதில் இருக்கின்றன. அதோடு நிற்காது. அரிக்கத் தொடங்கிய இடத்தில், தன்னிடம் இருக்கும் சுண்ணாம்புச் சத்தைக் கொடுத்துப் பல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்யவும் செய்யும். ருசி தெரிவதுகூட அது உணவைக் கரைப்பதால்தான்.

நண்டு வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தன் வாய்க்குள் இத்தனை வேலை நடக்கிறது, தனக்கு ஒரு சத்தம்கூடக் கேட்டதில்லை. அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எச்சிலை மெல்ல ஒரு முறை விழுங்கிப் பார்த்தாள், மரியாதையாக.

"தூங்கும்போதும் வேலை செய்யுமா டாக்டர்?" என்று கேட்டாள்.

"அப்ப ரொம்பக் கொஞ்சமாத்தான் ஊறும். அதான் ராத்திரி பல்லு தேச்சிட்டுப் படுக்கச் சொல்றது."

ராத்திரி பல் தேய்க்க எப்போதும் சோம்பல்படுகிற அப்பா, அந்த அறையின் கூரை எவ்வளவு வெள்ளையாக இருக்கிறது என்று கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காய்ந்த வாயில் மிட்டாயை அடக்கிக்கொண்டது கிருமிகளுக்குப் பந்தி போட்ட மாதிரி ஆகிவிட்டது என்றார் டாக்டர். சொத்தையைச் சுத்தம் செய்து அடைத்தார். இனிமேல் மிட்டாய்க்குப் பதிலாக வெறும் தண்ணீரை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னார். மாத்திரையை மாற்றுவதற்குப் பொது மருத்துவரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார். அந்த மருத்துவர் அன்றைக்கே அதை நிறுத்திவிட்டு, மூக்கில் அடிக்கும் மருந்து ஒன்று கொடுத்தார்.

மாத்திரையை நிறுத்தினால் தும்மல் திரும்பி வருமே? அதற்கு நண்டுதான் வழி கண்டுபிடித்தாள். தும்மல் வெல்வெட்டிலிருந்துதானே வருகிறது? அவள் துணியை மாடிக்குக் கொண்டுபோய், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று நன்றாக உதறினாள். மேஜையையும் தரையையும் ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டாள். கிடங்கில் பார்சல் இறக்கும்போது அப்பா போட்டுக்கொள்ளும் முகக்கவசத்தில் புதிதாக ஒன்றை அம்மாவுக்கு மாட்டிவிட்டாள். பழக்க தோஷத்தில் அம்மா நூலைக் கவசத்தின் மேலேயே வைத்து இழுத்தார். அதைப் பார்த்து மூவரும் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆனாலும் வாய் உடனே சரியாகவில்லை. அம்மா ஒவ்வொரு நூலுக்கும் அடுப்படிக்கு நடந்தார். நண்டு வீட்டில் இருந்தால் அவள் ஓடினாள். பைகள் மெதுவாகத்தான் ஏறின. புறாவுக்கான பை இன்னும் வெட்டப்படவே இல்லை. வெள்ளிக்கிழமை விடிந்தபோது அம்மா கோட்டை விரித்துப் பார்த்துவிட்டு மடித்துவைத்தார். முடியாது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் மந்திரக்காரரின் போன் நம்பரை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

அன்று வெயில் கடுமையாக இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த நண்டுக்குக் கொடுக்க அம்மா எலுமிச்சம்பழத்தை இரண்டாக நறுக்கினார். நண்டுக்குப் பொறுக்கவில்லை. ஒரு மூடியை எடுத்து அப்படியே நாக்கில் வைத்துவிட்டாள். ஒரு கண் மூடிக்கொண்டது, மூக்கு சுருங்கியது, தோள் இரண்டும் காது வரை ஏறின.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "அய்ய, பாத்தாலே எனக்கு வாயில தண்ணி ஊறுது" என்றார்.

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். கத்தி கையிலேயே இருந்தது. நாக்கால் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். கன்னத்துக்கு உள்ளே ஒரு முறை, பல்லின் மேல் ஒரு முறை. கண் நிறைந்துவிட்டது.

"ஊறுதுடி" என்றார் மெதுவாக.

அம்மா கத்தியை வைத்துவிட்டு முன்னறைக்கு விரைந்தார். எலுமிச்சை மூடியோடு நண்டும் பின்னாலேயே போனாள். அம்மா முகக்கவசத்தை இறக்கினார். நூலைக் கத்தரியால் சாய்வாக வெட்டினார். உதட்டில் வைத்து இழுத்தார். ஈரமாக, கூராக வந்தது நுனி. அப்போது அப்பா வாசலில் வேனை நிறுத்தினார். குறுக்கே நிறுத்தாதீர்கள் என்று அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி அதட்டினார். திரும்பிப் பார்க்காமலேயே கை நூலைக் கோத்து முடித்திருந்தது.

அன்று அம்மா இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. அப்பா சமைத்தார், உப்பு சரியாக இருப்பதாக அம்மா சொன்னார். விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் புறாவின் பையும் தைத்து முடிந்தது.

சனிக்கிழமை மந்திரக்காரர் வந்து கோட்டைப் போட்டுக்கொண்டார். முன்னால் திரும்பினார், பின்னால் திரும்பினார், உள்பக்கத்தைப் புரட்டினார், தடவினார். பிறகு சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார்.

"கோட்டு பிரமாதம்க்கா. ஆனா பைகளைத்தான் காணோம்."

அம்மா ஒவ்வொரு பையாகத் தொட்டுக் காட்டினார். அவர் ஒவ்வொன்றுக்கும் கை தட்டினார்.